வாசகர் கேள்வி பதில்: ஆங்கிலத்தில் ‘ஆ’ எங்கே ஒளிந்திருக்கிறது?

இம்மாதம் வந்த கடிதங்களில் பெரும்பகுதி மலேசியாவின் பேராக் மாநிலத்திலுள்ள சுங்கை சிப்புட் நகரிலிருந்தும் அதைச் சுற்றியுள்ள தோட்டங்களிலிருந்தும் வந்தவை. ஐந்தாம் படிவ மாணவர்கள் எழுதும் எஸ்பிஎம் என்ற அரசுத் தேர்வில் வரும் ஆங்கிலப் பேச்சுத் தேர்வைப் பற்றிச் சென்ற மாதம் எழுதியபோது, ஒரு சொல்லைச் சற்றுத் தவறாக உச்சரிப்பதைவிடக் குரலைத் தவறான இடத்தில் ஏற்றுவதும் இறக்குவதும் பொருளை அதிகமாக மாற்றிவிடும் என்று ஒரு வரி எழுதியிருந்தேன். அந்த ஒரு வரிக்கு விளக்கம் கேட்டே இத்தனை பேர் எழுதியிருப்பதால், இந்த இதழின் பக்கங்களை முழுவதும் அதற்கே ஒதுக்கியிருக்கிறேன்.

கேள்வி: கேள்வி என்றால் குரலை ஏற்ற வேண்டும், சாதாரண வாக்கியம் என்றால் இறக்க வேண்டும் என்று படித்திருக்கிறேன். ஆனால் ஆங்கிலச் செய்தியாளர்கள் கேட்கும் பல கேள்விகள் இறங்கித்தான் முடிகின்றன. எதைப் பின்பற்றுவது?
(ஐந்தாம் படிவ மாணவி, சுங்கை சிப்புட்)

பதில்: உங்கள் காது சரியாகவே கேட்டிருக்கிறது. நீங்கள் படித்த விதி பாதிக் கேள்விகளுக்குத்தான் பொருந்தும். ‘ஆம்’ அல்லது ‘இல்லை’ என்று பதில் வரக்கூடிய கேள்விகள் ஆங்கிலத்தில் பெரும்பாலும் குரல் ஏறி முடியும். ‘வாட்’, ‘வேர்’, ‘வென்’, ‘ஹூ’ போன்ற வினாச்சொற்களில் தொடங்கும் கேள்விகள் இயல்பாக இறங்கித்தான் முடியும். “வேர் டு யூ லிவ்?” என்று ஒருவர் குரலை இறக்கிக் கேட்டால், நீங்கள் எங்கே வசிக்கிறீர்கள் என்று முதல் முறையாகக் கேட்கிறார். அதே கேள்வியில் ‘வேர்’ என்ற சொல்லிலேயே குரலை உயர்த்தி, கடைசி வரை ஏற்றிக்கொண்டே போனால், நீங்கள் ஏற்கெனவே சொன்ன ஊரின் பெயர் அவர் காதில் விழவில்லை, திரும்பச் சொல்லுங்கள் என்று பொருள். எழுத்தில் இரண்டுக்கும் ஒரே கேள்விக்குறிதான்.

இது ஏன் நமக்குக் குழப்பமாக இருக்கிறது என்று பல ஆண்டுகள் யோசித்திருக்கிறேன். தமிழில் கேள்வியைச் சுமப்பது சொல்லின் கடைசியில் ஒட்டிக்கொள்ளும் ஓர் எழுத்து. ‘வந்தார்’ என்பதோடு ‘ஆ’ சேர்ந்தால் ‘வந்தாரா’ ஆகிவிடுகிறது. அதன் பிறகு குரலை ஏற்றினாலும் இறக்கினாலும், தூக்கக் கலக்கத்தில் முணுமுணுத்தாலும் அது கேள்விதான். மலாய் மொழியில் ‘கா’ அந்த வேலையைச் செய்கிறது. ஆங்கிலமோ சொல் வரிசையை மாற்றிக் கேள்வி அமைக்கும், அல்லது வரிசையை அப்படியே வைத்துக்கொண்டு குரலை மட்டும் ஏற்றிக் கேள்வியாக்கிவிடும். இந்த இரண்டாவது வகையில்தான் நாம் தடுமாறுகிறோம்.

பள்ளிப் படிப்பை முடித்த கையோடு நான் ஒரு தோட்ட அலுவலகத்தில் சின்னக் கிராணியாக (இளநிலை எழுத்தராக) சேர்ந்தேன். மாதக் கடைசியில் துரை (தோட்ட மேலாளர்) என் மேசையருகே வந்து நின்று, “யூ ஹேவ் ஃபினிஷ்ட் த அக்கவுன்ட்ஸ்” என்றார். கணக்கை நான் முடித்துவிட்டதாக அவர் பாராட்டுகிறார் என்று எண்ணி, “தேங்க் யூ, சார்” என்று எழுந்து நின்றேன். கணக்கு இன்னும் இரண்டு பக்கம் பாக்கி இருந்தது. அவர் கடைசிச் சொல்லில் குரலை ஏற்றிக் கேட்டது கேள்வி என்பதும், என் பதிலைக் கேட்டு வேலை முடிந்துவிட்டதாக அவர் நம்பினார் என்பதும் மாலையில் பெரிய கிராணி என்னைக் கூப்பிட்டுக் கேட்டபோதுதான் தெரிந்தது. பால்மரம் (ரப்பர் மரம்) வெட்டிப் பால் எடுக்கும் குடும்பத்திலிருந்து முதன்முதலாக அலுவலகத்துக்குள் நுழைந்த எனக்கு, அந்த வாக்கியத்தில் இருந்த ஒவ்வொரு சொல்லும் தெரியும். ‘ஆ’ என்ற எழுத்துக்காகக் காத்திருந்த காதுக்கு, அது வேறு வடிவில் வந்தது தெரியவில்லை.

கேள்வியின் வாலாக வரும் “ஆரன்ட் யூ”, “இஸின்ட் இட்” போன்றவற்றிலும் இதே வேறுபாடு உண்டு. “யூ ஆர் ஃப்ரம் சுங்கை சிப்புட், ஆரன்ட் யூ” என்பதில் வால் இறங்கினால், ‘நீங்கள் சுங்கை சிப்புட்காரர்தானே’ என்று தெரிந்ததை உறுதிப்படுத்திக்கொள்கிறார். வால் ஏறினால் ‘சுங்கை சிப்புட்காரரா’ என்று உண்மையாகவே கேட்கிறார். ‘தானே’ ஒன்று, ‘ஆ’ ஒன்று என்று இரண்டு உருபுகளில் நாம் பிரித்துச் சொல்வதை, ஆங்கிலம் ஒரே சொல்லில் வைத்துக் குரலால் பிரிக்கிறது. தேர்வில் உங்களோடு அமரும் மாணவரின் கருத்தை ஒட்டிப் பேசும்போது வாலை இறக்கிப் பழகுங்கள். ஏற்றிச் சொன்னால் அவர் சொன்னதை நீங்கள் ஐயப்படுவது போலக் கேட்கும்.

கேள்வி: கோலாலம்பூரில் தொலைபேசி வழி வாடிக்கையாளர் சேவையில் வேலை செய்கிறேன். நான் மரியாதையாகத்தான் பேசுகிறேன், ‘ப்ளீஸ்’ சொல்லாமல் எதையும் கேட்பதில்லை. இருந்தும் வெளிநாட்டு வாடிக்கையாளர்கள் சிலர் நான் கடுமையாகப் பேசுவதாகப் புகார் எழுதுகிறார்கள். விடுமுறைக்குத் தோட்டத்துக்கு வந்தபோது அம்மாவிடம் சொல்லி அழுதுவிட்டேன். என்ன தவறு செய்கிறேன்?
(வாசகி, சுங்கை சிப்புட்)

பதில்: உங்கள் கடிதத்தை இரண்டு முறை படித்தேன், தங்கையே. நீங்கள் மரியாதைக் குறைவாகப் பேசவில்லை என்பதை முதலில் நம்புங்கள்.

உங்களுக்கு நேர்ந்தது ஏற்கெனவே வேறு பெண்களுக்கு நேர்ந்து, ஆராயப்பட்டு, 1982 இல் நூலிலும் பதிவாகியிருக்கிறது. ஜான் கம்பர்ஸ் என்ற மொழியியல் அறிஞர் அதை எழுதினார். பிரிட்டனில் ஒரு பெரிய விமான நிலையத்தின் ஊழியர் உணவகத்தில் இந்தியாவிலிருந்தும் பாகிஸ்தானிலிருந்தும் வந்த பெண்கள் புதிதாக வேலைக்குச் சேர்ந்தார்கள். அவர்கள் சிடுசிடுப்பானவர்கள் என்று மேற்பார்வையாளர்களும் சாப்பிட வந்த ஊழியர்களும் குறைபட்டார்கள். அந்தப் பெண்களோ தங்களைப் பாகுபாட்டுடன் நடத்துவதாக உணர்ந்தார்கள். இரு தரப்புக்கும் இடையே பரிமாறப்பட்ட சொற்கள் மிகச் சில. இறைச்சி வாங்கும் ஒருவரிடம், அதன் மேல் ஊற்றும் குழம்பு வேண்டுமா என்று கேட்க வேண்டும். ஆங்கிலேயப் பணியாளர் “கிரேவி?” என்று குரலை ஏற்றிக் கேட்பார். இந்தப் பெண்கள் “கிரேவி” என்று இறக்கிச் சொன்னார்கள். அவர்கள் மொழிப் பழக்கத்தில் அது இயல்பான கேள்வி. கேட்டவருக்கோ ‘இது குழம்பு, வேண்டுமானால் எடுத்துக்கொள்’ என்று தட்டை நகர்த்தியது போல ஒலித்தது. இரு தரப்பையும் உட்காரவைத்து ஒலிப்பதிவைப் போட்டுக் காட்டிப் பேசிய பிறகுதான், தங்களை ஏன் தவறாக எடுத்துக்கொண்டார்கள் என்பது அந்தப் பெண்களுக்கும், அவர்கள் உண்மையில் என்ன சொன்னார்கள் என்பது மேற்பார்வையாளர்களுக்கும் புரிந்தது.

உங்கள் உரையாடலில் எது ‘கிரேவி’ என்று தேடிப் பாருங்கள். “யுவர் நேம், ப்ளீஸ்.” “ஐசி நம்பர் (அடையாள அட்டை எண்), ப்ளீஸ்.” “அட்ரஸ், ப்ளீஸ்.” ஒவ்வொன்றும் மேலிருந்து கீழே விழுந்து முடிந்தால், சாலையில் மறித்து விசாரிக்கும் காவலர் கேட்பது போல இருக்கும். ‘ப்ளீஸ்’ என்ற சொல் அதைக் காப்பாற்றாது, ஏனென்றால் விழும் குரலோடு சேர்ந்த ‘ப்ளீஸ்’ பொறுமையிழந்த கட்டளையாகவும் கேட்கக்கூடும். அதே சொற்களைத் தாழ்ந்த இடத்தில் தொடங்கி, முடிவில் மெல்ல உயர்த்துங்கள். பெரிய ஏற்றம் வேண்டாம், பெரிதாக ஏற்றினால் வியப்பு என்று பொருளாகும். ‘இன்னும் பேச்சு முடியவில்லை, உங்கள் முறை’ என்று கதவைத் திறந்து வைக்கும் அளவுக்குச் சிறிய ஏற்றம் போதும்.

தொலைபேசி எண்களைச் சொல்லும்போதும் இதைக் கவனியுங்கள். எண்ணை மூன்று துண்டாகப் பிரித்துச் சொல்கிறீர்கள் என்றால், முதல் இரண்டு துண்டுகளின் முடிவில் குரல் ஏற வேண்டும், கடைசித் துண்டில் மட்டுமே இறங்க வேண்டும். இரண்டாம் துண்டிலேயே இறக்கிவிட்டால், எண் முடிந்துவிட்டது என்று கேட்பவர் பேசத் தொடங்குவார். நீங்கள் மூன்றாம் துண்டைச் சொல்வீர்கள், இரு குரல்களும் மோதும். அவர் கணக்கில் குறுக்கே பேசியவர் நீங்கள்தான்.

“சாரி” என்ற சொல்லும் உங்கள் வேலையில் ஒரு நாளைக்குப் பல முறை வரும். இறக்கினால் ‘வருந்துகிறேன்’, ஏற்றினால் ‘நீங்கள் சொன்னது கேட்கவில்லை’. தன் பணம் திரும்ப வரவில்லை என்று முறையிடும் ஒருவரிடம் ஏற்றிய ‘சாரி’யைச் சொல்லிவிட்டால், அவர் முழுக் கதையையும் முதலிலிருந்து உரத்த குரலில் தொடங்குவார்.

உங்கள் மேலாளரிடமும் இதை எடுத்துச் சொல்லுங்கள் என்பேன். புகார் எழுதியவர்கள் உங்கள் மனத்தைப் பற்றி ஒரு முடிவுக்கு வந்தது உங்கள் வாக்கிய முடிவின் சுருதியை வைத்துத்தான். அதைத் தெரிந்துகொள்ளும் கடமை, பல நாட்டவரை வேலைக்கு வைத்திருக்கும் நிறுவனத்துக்கும் உண்டு.

கேள்வி: என் குரல் கட்டைக் குரல். பெண்களைப் போல என்னால் குரலை ஏற்ற முடியாது. எனக்கு இது வருமா?
(லாரி ஓட்டுநர், சுங்கை சிப்புட்)

பதில்: வரும். குரல்நாண்கள் வளர்ந்த ஆணுக்கு நொடிக்கு ஏறத்தாழ 100 முதல் 150 முறையும், பெண்ணுக்கு 200 முறை அளவிலும் அதிர்கின்றன. கேட்பவர் காது அந்த எண்ணிக்கையைப் பார்ப்பதில்லை. உங்கள் குரல் வழக்கமாக நிற்கும் இடத்திலிருந்து மேலே போகிறதா, கீழே போகிறதா என்பதைத்தான் பார்க்கிறது. தவிலிலும் கட்டையாக ஒலிக்கும் தொப்பி என்ற பக்கம் உண்டு, உயர்ந்து ஒலிக்கும் வலந்தலை என்ற பக்கம் உண்டு. உங்கள் தொப்பிக்குள்ளேயே ஏற்றமும் இறக்கமும் இருக்கின்றன.

கேள்வி: எங்கள் நிர்வாகி என் அறிக்கையைப் படித்துவிட்டு, “த ரிப்போர்ட் இஸ் குட்” என்றார். நான் மகிழ்ந்தேன். மறுநாள் அதை வேறொருவரிடம் கொடுத்துத் திருத்தச் சொல்லிவிட்டார். நன்றாக இருக்கிறது என்று சொன்னவர் ஏன் இப்படிச் செய்தார்?
(செம்பனைத் தோட்ட அலுவலர், சுங்கை சிப்புட்)

பதில்: அவர் ‘குட்’ என்ற சொல்லை எப்படிச் சொன்னார் என்று நினைவுபடுத்திப் பாருங்கள். நேராக இறக்கினாரா, அல்லது இறக்கி மறுபடியும் சற்றுத் தூக்கி அந்தரத்தில் விட்டாரா? இரண்டாவது என்றால், அவர் பாராட்டவில்லை. ‘அறிக்கை என்னவோ நன்றாகத்தான் இருக்கிறது…’ என்று இழுத்தார். அந்த இழுவைக்குப் பின்னால் ஓர் ‘ஆனால்’ இருக்கிறது, அதை அவர் வாய்விட்டுச் சொல்லவில்லை.

இறங்கி ஏறும் இந்தத் தொனிதான் பிரிட்டிஷ் ஆங்கிலத்தில் மிகவும் நுட்பமானது என்பது என் கருத்து. நமக்கு இது அந்நியமானதும் அன்று. தொல்காப்பியம் இடைச்சொற்களைப் பற்றிப் பேசும்போது, ஓகாரம் தரும் ஆறு பொருள்களில் ஒன்றாக ‘ஒழியிசை’ என்பதைச் சொல்கிறது. சொல்லாமல் விட்ட ஒன்றை உணர்த்துவது ஒழியிசை. ‘கொளலோ கொண்டான்’ என்பது உரையாசிரியர்கள் காட்டும் எடுத்துக்காட்டு. கொள்ளத்தான் கொண்டான், அதன் பிறகு செய்ய வேண்டியதைச் செய்யவில்லை என்பது அதில் ஒழிந்து நிற்கும் பொருள். நம் முன்னோர் ஓர் ‘ஓ’வுக்குள் கேட்ட அந்த மிச்சப் பொருளை, ஆங்கிலேயர் குரலின் ஒரு சிறு வளைவுக்குள் வைத்திருக்கிறார்கள். எனக்கு இது புரிந்த நாளில் இரண்டு மொழிகளுமே முன்பைவிட நெருக்கமாகிவிட்டன.

இந்த வளைவு எதிர்மறை வாக்கியங்களில் பொருளையே புரட்டிவிடும். “ஹி வோன்ட் வொர்க் எனிவேர்” என்பதை நேராக இறக்கிச் சொன்னால், ‘அவன் எங்கும் வேலை செய்ய மாட்டான்’, அதாவது சோம்பேறி. ‘எனிவேர்’ என்ற சொல்லில் இறக்கி ஏற்றினால், ‘அவன் எங்கே வேண்டுமானாலும் வேலைக்குப் போய்விட மாட்டான்’, அதாவது நல்ல இடமாகப் பார்ப்பவன். தமிழில் இவற்றுக்கு இரண்டு வேறு வாக்கியங்கள் தேவைப்படுகின்றன என்பதைக் கவனியுங்கள். உங்களைப் பற்றி இப்படி ஒரு பரிந்துரை பேசப்பட்டால், உங்கள் வேலையே அந்த வளைவில் தொங்குகிறது.

அடுத்த முறை நிர்வாகியின் குரல் அந்தரத்தில் நின்றால், நன்றி சொல்லிவிட்டு நகர்ந்துவிடாதீர்கள். “பட்?” (‘ஆனால்?’) என்று குரலை ஏற்றி மென்மையாகக் கேளுங்கள். ஒழிந்து நின்றது வெளியே வரும்.

கேள்வி: மொத்தம் எத்தனை வகைத் தொனிகள் உண்டு? அவற்றை எழுத்தில் குறிக்க முடியுமா?
(தமிழ்ப்பள்ளி ஆசிரியர், சுங்கை சிப்புட்)

பதில்: ஹாலிடே என்ற மொழியியல் அறிஞர் 1967 இல் பிரிட்டிஷ் ஆங்கிலத்துக்கு ஐந்து முதன்மைத் தொனிகள் என்று வகுத்தார். வேறு அறிஞர்கள் வேறு எண்ணிக்கை சொல்வார்கள். வகுப்புக்கு இறக்கம், ஏற்றம், இறங்கி ஏறுதல் ஆகிய மூன்றே போதும். எழுத்தில் குறிக்கும் முயற்சி பழையது. ஜோஷுவா ஸ்டீல் என்பவர் 1775 இலேயே இசைக் குறியீடுகளைப் போன்ற குறிகளால் ஆங்கிலப் பேச்சின் ஏற்ற இறக்கத்தை எழுதிக் காட்டினார். நீங்கள் கரும்பலகையில் வாக்கியத்துக்கு மேலே ஒரு வளைகோடு வரைந்தால் பிள்ளைகள் உடனே பிடித்துக்கொள்வார்கள்.

வகைகளைவிட முக்கியமானது, அந்த ஏற்றமோ இறக்கமோ எந்தச் சொல்லில் தொடங்குகிறது என்பது. “மை பிரதர் பாட் த மோட்டார்சைக்கிள் இன் ஈப்போ” என்ற வாக்கியத்தை எடுத்துக்கொள்ளுங்கள். குரல் ‘பிரதர்’ என்பதில் விழுந்தால் ‘அண்ணன்தான் வாங்கினார்’. ‘மோட்டார்சைக்கிள்’ என்பதில் விழுந்தால் ‘வாங்கியது மோட்டார்தான், கார் அன்று’. ‘ஈப்போ’ என்பதில் அழுத்தி விழுந்தால் ‘ஈப்போவில்தான் வாங்கினார்’. நாம் ‘தான்’ என்பதைத் தூக்கிக்கொண்டு போய் வேண்டிய சொல்லோடு ஒட்டுகிறோம். ஆங்கிலத்தில் சொற்கள் இருந்த இடத்திலேயே இருக்கின்றன, குரல் நகர்கிறது.

மலேசிய ஆங்கிலத்தில் ஒவ்வோர் அசைக்கும் ஏறத்தாழ ஒரே எடை கொடுத்து, கடைசிச் சொல்லை நீட்டி அழுத்துவது நமக்குப் பழக்கம். “டு யூ வான்ட் சம் காஃபி?” என்று கேட்டால், “நோ, ஐ டோன்ட் டிரிங்க் காஃபி” என்று ‘காஃபி’யை மறுபடியும் அழுத்துகிறோம். காப்பியைப் பற்றிய பேச்சு ஏற்கெனவே நடந்துகொண்டிருக்கிறது, அதனால் ஆங்கிலேயர் அதைத் தணித்துவிட்டு ‘டிரிங்க்’ என்பதில் குரலை இறக்குவார். ‘காஃபி’யை அழுத்தினால், வேறு ஏதோ குடிப்பேன் என்று சொல்ல வருவதாக அவர் எண்ணித் ‘தேநீர் தரட்டுமா’ என்று கேட்கக்கூடும். ஏற்கெனவே பேசப்பட்டதைத் தணித்துச் சொல்லும் இந்தப் பயிற்சி ஒன்றை மட்டும் ஒரு தவணை முழுவதும் செய்தாலும் மாணவர்களின் பேச்சு தெளிந்துவிடும்.

கேள்வி: பெர்த் நகரில் படிக்கும் என் மகனின் நண்பர்கள், சாதாரணச் செய்தியைக்கூடக் கேள்வி போலவே முடிக்கிறார்கள். இது தவறான ஆங்கிலமா?
(ஓய்வுபெற்ற மண்டோர் (தோட்டத் தொழிலாளர் கண்காணி), சுங்கை சிப்புட்)

பதில்: தவறு இல்லை, ஐயா. ஆஸ்திரேலியாவிலும் நியூசிலாந்திலும் செய்தியைச் சொல்லும்போதே குரலை ஏற்றி முடிப்பது பரவலான வழக்கம். ‘சொல்வது புரிகிறதா, கூட வருகிறீர்களா’ என்று கேட்பவரைக் கைப்பிடித்து அழைத்துச் செல்லும் ஏற்றம் அது. நாம் கதை கேட்கும்போது ‘உம்’ கொட்டுவோமே, அந்த ‘உம்’மை வரவழைப்பதற்கான இடம் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஐக்கிய இராச்சியத்திலேயே பெல்ஃபாஸ்ட், கிளாஸ்கோ, நியூகாசில் போன்ற நகரங்களில் செய்திகள் ஏறி முடிவதைக் கேட்கலாம்.

கேள்வி: நான் தோட்டத்தில் வேலை செய்கிறேன். எனக்கு ஆங்கிலம் தெரியாது. மகனுக்கு அடுத்த ஆண்டு பேச்சுத் தேர்வு. டியூஷனுக்கு அனுப்ப வசதி இல்லை. நான் அவனுக்கு எப்படி உதவ முடியும்?
(ஒரு தாய், சுங்கை சிப்புட் அருகே ஒரு தோட்டம்)

பதில்: அம்மா, சொற்களைத் திருத்த உங்களால் முடியாமல் இருக்கலாம். இம்மாதம் முழுவதும் நாம் பேசிய விஷயத்தில் உங்கள் காது போதும். அடுத்த அறையிலிருந்து பேசினால் சொற்கள் விளங்காவிட்டாலும், மகன் கேட்கிறானா, சொல்கிறானா, சலித்துக்கொள்கிறானா என்று உங்களுக்குத் தெரியும் அல்லவா? அதே காதுதான் வேண்டும்.

வேலை முடிந்து வந்து சமைக்கும் நேரத்தில் மகனை அடுப்படியில் உட்காரவைத்துப் பேசச் சொல்லுங்கள். முதலில் ‘யெஸ்’ என்ற ஒரே சொல்லை மூன்று விதமாகச் சொல்லட்டும்: ‘ஆமாம்’ என்று முடிவாக, ‘அப்படியா’ என்று கேட்பதாக, ‘ஆமாம், ஆனாலும்…’ என்று இழுப்பதாக. எந்த முறை எதைச் சொன்னான் என்று நீங்கள் தமிழில் சொல்லுங்கள். நீங்கள் சொன்னதும் அவன் நினைத்ததும் ஒத்துப்போகும் வரை அதிலேயே நில்லுங்கள். பிறகு முழு வாக்கியத்தைச் சொற்கள் இல்லாமல், வாயை மூடிக்கொண்டு ‘ம்’ என்ற ஒலியிலேயே ராகமாக இழுத்துக் காட்டட்டும். அது கேள்வியா, செய்தியா, பாதியில் நிற்கிறதா என்று நீங்கள் கண்டுபிடியுங்கள். அதன் பின் அதே ராகத்தில் சொற்களைப் போட்டுச் சொல்லட்டும். கைப்பேசியில் பதிவு செய்து இருவரும் கேளுங்கள்.

பேச்சு இன்னும் முடியவில்லை என்று உங்கள் காதுக்குப் பட்ட இடத்தில் அவன் முடித்துவிட்டால், ‘அப்புறம்?’ என்று கேளுங்கள். குரலை இறக்காமல் விட்டது எந்தச் சொல்லில் என்று அவனே தேடிப் பார்த்துத் திரும்பச் சொல்வான்.